தரானே அலிதூஸ்தி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரானியப் படங்கள் பற்றிப் பேச்சு வந்தால் நம்மவர்கள் இயக்குநர்களின் பெயரைத்தான் சொல்வார்கள். கியாரோஸ்தமி, மஜித் மஜிதி, அஸ்கர் ஃபர்ஹாதி. நடிகைகள் என்று வந்தால் "அந்த முக்காடு போட்ட பொண்ணு" என்பதோடு சரி. அப்படி முகம் தெரிந்தும் பெயர் தெரியாமல் போனவர்களில் முதலிடம் தரானே அலிதூஸ்திக்கு. அவரைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன். சில இடங்களில் கதை முடிவு வரை வந்துவிடும். படம் பார்க்காதவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

யார் இவர்? ஒரு வரியில் சொல்லுங்கள்.

1984 ஜனவரி 12 அன்று தெஹ்ரானில் பிறந்தவர். பதினெட்டு வயதில் முதல் படத்துக்கே நாட்டின் மிகப் பெரிய நடிப்பு விருதை வாங்கியவர். அஸ்கர் ஃபர்ஹாதியின் நான்கு படங்களில் நடித்தவர். 2022-ல் முக்காடில்லாத ஒரு புகைப்படம் போட்டார். அடுத்த மாதம் தெஹ்ரானின் எவின் சிறையில் இருந்தார். ஒரு வரி கேட்டீர்கள், ஐந்தாகிவிட்டது.

பெயரை எப்படிச் சொல்வது?

'தரானே'. கடைசியில் ஆங்கிலத்தில் 'எச்' எழுதுவார்கள், அதை உச்சரிக்க வேண்டாம். பாரசீகத்தில் 'தரானே' என்றால் பாட்டு. 'தூஸ்தி' என்றால் நட்பு. சென்னையில் "தோஸ்த்து" என்கிறோமே, அதே பாரசீகச் சொல்தான் உருது வழியாக நம் தெருவுக்கும் வந்தது. ஆகவே பெயரின் பின்பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

சினிமாக் குடும்பமா?

இல்லை. அப்பா ஹமீத் அலிதூஸ்தி கால்பந்து வீரர். ஈரான் தேசிய அணிக்கு ஆடியவர், ஜெர்மனியின் இரண்டாம் நிலை லீகிலும் ஆடியவர், பிறகு பயிற்சியாளர். அம்மா சிற்பி. மகள் நடிப்புக்கு வந்தது அமீன் தாரோக் நடத்திய நடிப்புப் பள்ளி வழியாக. தாரோக் தாமே நல்ல நடிகர். அவரிடம் பயின்று திரைக்கு வந்தவர்கள் பலர்.

முதல் படம் எது? ஏன் அவ்வளவு பேசப்பட்டது?

ரசூல் சத்ராமெலி இயக்கிய 'நான் தரானே, வயது 15'. 2002-ல் வந்தது. கதாநாயகியின் பெயரும் நடிகையின் பெயரும் ஒன்றே. அதனால் அந்தப் பெண்ணின் சொந்தக் கதை என்று இன்றும் நினைப்பவர்கள் உண்டு. அப்படியில்லை.

கதை இதுதான். அப்பா சிறையில் இருக்கிறார், அம்மா இல்லை, பாட்டியும் போய்விடுகிறாள். துரத்தித் துரத்தி வந்த பையனைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். சில மாதங்களில் முறிந்துபோகிறது. பிறகுதான் வயிற்றில் குழந்தை இருப்பது தெரிகிறது. பையனின் குடும்பம் "எங்களுடையது இல்லை" என்று கைவிரிக்க, பதினைந்து வயதுப் பெண் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயருக்காக நீதிமன்றப் படியேறுகிறாள்.

இந்தக் கதையை நம்மூரில் எடுத்திருந்தால் மழையில் ஒரு அழுகை, மாமியார் வீட்டு வாசலில் ஒரு சாபம் நிச்சயம் இருந்திருக்கும். இங்கே அந்தப் பெண் பெரும்பாலும் பேசாமல் எதிராளியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அழுகை வரும் இடங்களிலெல்லாம் கோபத்தை அடக்கிக்கொள்கிறாள். பிற்பாடு எல்லோரும் புகழ்ந்த அலிதூஸ்தி அந்த அடக்கத்தில் அப்போதே இருக்கிறார். ஈரானின் ஃபஜ்ர் திரைப்பட விழாவில் சிறந்த நடிகைக்கான பளிங்கு சிமுர்க் விருது கிடைத்தது. அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் லொகார்னோ விழாவிலும் சிறந்த நடிகை. சிமுர்க் என்பது பாரசீகக் காவியங்களில் வரும் மாயப் பறவை. அதைத்தான் விருதாகச் செய்து கொடுக்கிறார்கள்.

ஃபர்ஹாதியுடன் செய்த நான்கு படங்கள் எவை?

'அழகிய நகரம்' (2004), 'சஹார்ஷம்பே சூரி' (2006), 'அபௌட் எல்லி' (2009), 'தி சேல்ஸ்மேன்' (2016).

முதலாவது நம்மிடையே அதிகம் பேசப்படாதது, பேச வேண்டியது. கொலைக்குற்றத்தில் சீர்திருத்தப் பள்ளியில் இருக்கும் பையனுக்குப் பதினெட்டு வயதாகிறது. இனித் தூக்கு. கொலையுண்ட பெண்ணின் தந்தை மன்னித்தால் மட்டுமே உயிர் தப்பும். பையனின் அக்கா ஃபிரூஸே, இடுப்பில் கைக்குழந்தையுடன், அந்தத் தந்தையின் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறாள். அந்த அக்காதான் அலிதூஸ்தி. வயது இருபதுகூட நிறைந்திருக்காது. ஆனால் முகத்தில் முப்பது வயதுக் களைப்பு. இதில் ஒரு சட்ட விசித்திரம் வரும். உயிருக்கு ஈடாகக் கணக்கிடப்படும் தொகையில் பெண்ணுக்கு ஆணில் பாதி. ஆகவே மகளைப் பறிகொடுத்த தந்தை, கொன்றவனைத் தூக்கிலிட வேண்டுமானால், மீதிப் பாதியைத் தாமே கட்ட வேண்டும். ஃபர்ஹாதி இதை விளக்கிப் பிரசங்கம் செய்வதில்லை. அந்தக் கணக்கு ஒவ்வொருவர் வீட்டிலும் என்ன செய்கிறது என்று மட்டும் காட்டுகிறார்.

'சஹார்ஷம்பே சூரி' என்பது பாரசீகப் புத்தாண்டுக்கு முந்தைய கடைசிச் செவ்வாய் இரவு. தெருவெங்கும் தீ மூட்டித் தாண்டுவார்கள், பட்டாசு வெடிக்கும். அன்று பகலில் கல்யாணம் நிச்சயமான ஏழைப் பெண் ரூஹி ஒரு நடுத்தர வர்க்க வீட்டுக்குச் சுத்தம் செய்யும் வேலைக்கு வருகிறாள். வீட்டில் கணவன் மனைவிக்குள் பெரிய சண்டை. பக்கத்து வீட்டு அழகுநிலையக்காரி மீது மனைவிக்குச் சந்தேகம். ரூஹி நடுவில் மாட்டிக்கொள்கிறாள்.

படத்தின் தொடக்கத்தில் வருங்காலக் கணவனின் பைக்கில் சிரித்துக்கொண்டே போகிறாள். உடம்பு முழுக்கப் போர்த்தும் அவளுடைய கறுப்புச் சாதர் சக்கரத்தில் சிக்குகிறது. பிறகு அதே சாதரை வீட்டுக்காரி இரவல் வாங்கிப் போர்த்திக்கொண்டு கணவனை வேவு பார்க்கப் போகிறாள். ஒரு துணி இரண்டு வர்க்கத்துப் பெண்களுக்கு இடையில் கைமாறுவதில் பாதிக் கதை அடங்கிவிடுகிறது. காலையில் கல்யாணக் கனவோடு வந்தவள் ராத்திரி திரும்பும்போது கல்யாணம் என்றால் என்ன என்று பார்த்துவிட்டிருக்கிறாள். அதைப் பற்றி ஒரு வசனம்கூட அவளுக்கு இல்லை.

'எ செப்பரேஷன்' படத்து நடிகை இவர்தானே?

இல்லை. அது லைலா ஹாதமி. இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வரும். அதே இயக்குநர், அதே தெஹ்ரான், அதே போன்ற சண்டை. அதே போல் 'அபௌட் எல்லி'யில் நண்பர்களையெல்லாம் திரட்டிப் பயணம் அழைத்துப்போகும் செபீதே, கோல்ஷிஃப்தே ஃபராஹானி. ஹாலிவுட் படங்களில் நடித்து, பிறகு ஐரோப்பாவில் குடியேறியவர் அவர். காணாமல் போகும் எல்லிதான் அலிதூஸ்தி.

படங்களில் ஈரானியப் பெண்கள் படுக்கையறையில்கூட முக்காடு போட்டிருக்கிறார்களே, நிஜ வாழ்விலும் அப்படியா?

இந்தக் கேள்வி வராத நாளே கிடையாது. இல்லை, நிஜத்தில் யாரும் தன் வீட்டுக்குள், கணவன் பிள்ளைகள் முன்னால், முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. 1979 புரட்சிக்குப் பின் வந்த விதி அது. கதைப்படி கணவனாக இருந்தாலும் நிஜத்தில் அந்நிய ஆண். அதோடு, பார்க்கும் பார்வையாளர்களும் அந்நியர். ஆகவே திரையில் தோன்றும் பெண் எந்நேரமும் தலையை மறைத்திருக்க வேண்டும். ஆணும் பெண்ணும் தொட்டுக்கொள்வதும் கூடாது. கணவன் மனைவி, தாய் மகன், யாராக நடித்தாலும் இதே கதிதான்.

படம் எடுக்க ஒரு அனுமதி, எடுத்த படத்தைத் திரையிட இன்னொரு அனுமதி என்று இரண்டு கட்டம். இரண்டும் கலாசார, இஸ்லாமிய வழிகாட்டுதல் அமைச்சகத்தின் கையில். மக்கள் சுருக்கமாக 'எர்ஷாத்' என்பார்கள்.

இப்போது ஒரு நடிகையின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். தலைமுடி கிடையாது, தோள் கிடையாது. விழப்போகும் கணவனைத் தாங்கிப் பிடிக்க முடியாது, குழந்தையை இழந்து துடிக்கும் தம்பியைக் கட்டிக்கொள்ள முடியாது. மிஞ்சுவது முகம், குரல், கை விரல்கள், நடை. ஈரானிய நடிகைகளின் முகங்கள் நமக்கு ஏன் இவ்வளவு பேசுகின்றன என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன். தடை இருந்ததால்தான் கலை வந்தது என்று சொல்லுவோரும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நொண்டி ஓடி ஜெயித்தவனைப் பாராட்டலாம், அதற்காகக் கால் விலங்குக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை.

'தி சேல்ஸ்மேன்' படத்தில் இதையே ஒரு கேலியாக வைத்திருக்கிறார்கள். நாடக ஒத்திகையில் ஒரு நடிகை உடம்பில் துணியில்லாமல் நிற்பதாகக் கதை. ஆனால் அவர் மேல்கோட்டும் தொப்பியும் போட்டு முழுக்கப் போர்த்திக்கொண்டு "இப்படி எப்படி வெளியே போவேன்" என்கிறார். சக நடிகர் அடக்க முடியாமல் சிரித்துவிடுகிறார். அந்த நடிகை கோபித்துக்கொண்டு போகிறார். தணிக்கை அதிகாரிகளின் கண் முன்னாலேயே போட்ட காட்சி.

'தி சேல்ஸ்மேன்' படத்தில் இவருடைய பங்கு என்ன?

ரானா. கணவன் எமாத் பள்ளி ஆசிரியர், இருவரும் மாலையில் அமெரிக்க நாடகாசிரியர் ஆர்தர் மில்லரின் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' நாடகத்தில் நடிப்பவர்கள். குடியிருந்த கட்டடம் விரிசல் விட்டதால் அவசரமாக வேறு வீடு போகிறார்கள். ஒரு நாள் அழைப்பு மணி கேட்டுக் கணவன்தான் என்று நினைத்துக் கதவைத் திறந்துவிட்டுக் குளிக்கப் போகிறாள் ரானா. வந்தது வேறொருவன்.

தாக்குதலைப் படம் காட்டுவதில்லை. அதன் பிறகு ரானாவுக்கு என்ன நேர்கிறது என்பதே படம். போலீசுக்குப் போக மாட்டேன் என்கிறாள், தனியாக இருக்க மாட்டேன் என்கிறாள், குளியலறைக்குள் கால் வைக்க மாட்டேன் என்கிறாள். கணவனுக்கோ ஆளைக் கண்டுபிடித்தாக வேண்டும். அவன் தேடுவது நீதியா, தன் மானமா என்பது போகப்போகக் கலங்குகிறது.

ஒரு இரவு கொஞ்சம் தேறி வருகிறாள். நண்பரின் சின்னப் பையன் விருந்தாளி. மக்ரோனி சமைக்கிறாள், மூவரும் சாப்பிடுகிறார்கள், சிரிக்கிறார்கள். அலமாரியில் இருந்த பணத்தில்தான் சாமான் வாங்கினேன் என்று சொல்கிறாள். கணவன் வைத்த பணம் என்று அவள் நினைப்பு. அந்தப் பணத்தை வைத்தது வந்துபோனவன். எமாத் தட்டை எடுத்துக் குப்பையில் கொட்டுகிறான். அந்த இடத்தில் அலிதூஸ்தியின் முகத்தைப் பாருங்கள். முதலில் புரியாமை, பிறகு புரிதல், பிறகு கணவன் மீதே ஒரு அச்சம். எல்லாம் சில நொடிகளில். சோறு தொண்டையில் நிற்பது என்று நாம் சொல்வது அதுதான்.

2016 கான் விழாவில் ஃபர்ஹாதிக்குத் திரைக்கதை விருது, எமாதாக நடித்த ஷஹாப் ஹொசைனிக்குச் சிறந்த நடிகர் விருது. அலிதூஸ்திக்கு அங்கே ஒன்றும் இல்லை. எனக்கு அதில் இன்றும் ஒரு மனக்குறை.

ஆஸ்கர் விழாவுக்கு ஏன் போகவில்லை?

2017 ஜனவரி கடைசியில் டிரம்ப் அரசு ஈரான் உள்ளிட்ட ஏழு நாட்டவர் அமெரிக்காவுக்குள் வரத் தடை கொண்டுவந்தது. 'தி சேல்ஸ்மேன்' அப்போது பிறமொழிப் பட விருதுப் பட்டியலில் இருந்தது. தனக்கு விலக்கு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் போவதில்லை, இது இனவெறி என்று ட்விட்டரில் முதலில் அறிவித்தவர் அலிதூஸ்தி. சில நாள் கழித்து ஃபர்ஹாதியும் அதையே சொன்னார். படம் விருதை வென்றது. ஃபர்ஹாதியின் கடிதத்தை விண்வெளிக்குச் சென்ற ஈரானிய அமெரிக்கப் பெண் அனூஷே அன்சாரி மேடையில் வாசித்தார்.

அதற்கு முந்தைய ஆண்டு இதே படத்துக்கான தெஹ்ரான் பத்திரிகையாளர் சந்திப்பில் அவர் சட்டைக்கை விலகி, முன்கையில் பெண்ணிய முத்திரையைப் பச்சை குத்தியிருந்தது தெரிந்துவிட்டது. பழமைவாதிகள் குதித்தார்கள். ஆமாம், பெண்ணியவாதிதான், அதற்கென்ன என்ற தொனியில் பதில் போட்டார். அமெரிக்க அரசையும் சொந்த நாட்டுக் காவலர்களையும் ஒரே குரலில் எதிர்த்ததால், எந்தப் பக்கத்துக்கும் அவரைத் தம் ஆளாக்கிக்கொள்ள முடியவில்லை.

தொலைக்காட்சித் தொடரில் நடித்திருக்கிறாரா?

'ஷஹ்ரஸாத்'. ஹசன் ஃபத்ஹி இயக்கம், 2015 முதல் மூன்று பருவங்கள். அரசுத் தொலைக்காட்சியில் வரவில்லை. வட்டுகளாகக் கடைகளில் விற்ற தொடர். வாராவாரம் புது வட்டுக்காக மக்கள் காத்திருந்தார்கள். 1953 ஆட்சிக்கவிழ்ப்புக் காலத்துக் காதல் கதை. ஈரானில் சாதாரணக் குடும்பங்களுக்கு இவரைத் தெரிவது ஃபர்ஹாதி படங்களைவிட இதனால்தான் அதிகம். எனக்கு இழுவையாகத் தோன்றியது. ஆனாலும் முதிய நடிகர் அலி நஸீரியானுக்காகப் பார்க்கலாம்.

எழுத்தாளர் என்கிறார்களே?

மொழிபெயர்ப்பாளர். கனடாவின் ஆலிஸ் மன்றோ கதைகளைப் பாரசீகத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார். மன்றோவுக்கு 2013-ல் நோபல் கிடைப்பதற்கு முன்பே. மன்றோவைப் படித்தவர்களுக்குத் தெரியும், சொல்லாமல் விட்டவற்றில்தான் அவர் கதை ஓடும். இந்த நடிகைக்கு அந்த எழுத்தாளர் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

'லைலாவின் சகோதரர்கள்' ஏன் தடை செய்யப்பட்டது?

சயீத் ரூஸ்தாயி இயக்கம், 2022. நாற்பது வயது லைலா. வேலையில்லாத, கடனில் மூழ்கிய நான்கு அண்ணன் தம்பிகள். அவர்களைக் கரையேற்ற ஒரு கடை வாங்கலாம் என்று அவள் வழி கண்டுபிடிக்கிறாள். ஆனால் அப்பாவோ, குலத்தின் மூத்தவர் என்ற பட்டம் வேண்டி, ஒரு கல்யாண மொய்க்காகத் தங்கக் காசுகளைப் பதுக்கி வைத்திருக்கிறார். (மொய்யை நினைத்துப் பாருங்கள், முழுப் படமும் புரிந்துவிடும்.) இடையில் டாலர் விலை எகிற, தங்கமும் எகிற, குடும்பக் கணக்கு ஒரே இரவில் தலைகீழாகிறது.

முந்தைய படங்களில் அடங்கிப் பேசிய அலிதூஸ்தி இதில் வெடிக்கிறார். ஒரு கட்டத்தில் பெற்ற அப்பாவின் கன்னத்தில் அறைகிறாள் லைலா. ஈரானியத் திரையில் மகள் தந்தையை அறைவது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்கத் தேவையில்லை, நமக்கும் அது அப்படித்தான்.

கான் போட்டிப் பிரிவில் திரையிட்டு, விமர்சகர் கூட்டமைப்பின் விருதும் பெற்றது. ஆனால் அதிகாரிகள் கேட்ட திருத்தங்களைச் செய்யவில்லை, உரிய அனுமதியின்றி வெளிநாட்டு விழாவுக்கு அனுப்பினார் என்று உள்நாட்டில் தடை. 2023-ல் இயக்குநருக்கு ஆறு மாதச் சிறைத் தண்டனையும் விதிக்கப்பட்டது. அதே 2022-ல் மானி ஹகீகியின் 'தஃப்ரீக்' படத்திலும் அலிதூஸ்தி உண்டு. உருவ ஒற்றுமை கொண்ட இரு பெண்களாக இரட்டை வேடம், படம் முழுக்க மழை.

கைது செய்யப்பட்டது எதற்காக?

இது திடீரென்று வந்ததல்ல. ஒழுக்கக் காவல் படை ஒரு பெண்ணைத் தாக்கும் காணொளியைப் பகிர்ந்ததற்காக 2020-லேயே ஐந்து மாதச் சிறைத் தண்டனை விதித்து நிறுத்திவைத்திருந்தார்கள். 2022 வசந்தத்தில், திரைத்துறையில் பெண்கள் மீதான பாலியல் அத்துமீறல்களுக்கு எதிராக 800-க்கும் மேற்பட்ட பெண்கள் கையெழுத்திட்ட அறிக்கையின் முன்னணியிலும் இருந்தார்.

அந்த ஆண்டு செப்டம்பர் 16 அன்று, முக்காடு சரியில்லை என்று ஒழுக்கக் காவல் படை பிடித்துச்சென்ற மஹ்சா அமினி இறந்தார். நாடே தெருவுக்கு வந்தது. நவம்பரில் அலிதூஸ்தி தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஒரு படம் போட்டார். தலை திறந்திருக்கிறது, முடி தோளில் விழுந்திருக்கிறது. கையில் ஒரு தாள். அதில் குர்திய மொழியில் 'பெண், வாழ்வு, விடுதலை'. இருபது ஆண்டுகள் திரையில் பார்த்த முகத்தை ஈரானியர்கள் முடியோடு பார்த்தார்கள்.

டிசம்பர் 8 அன்று, போராட்டங்களை ஒட்டிக் கைதான இளைஞர் ஒருவரைத் தூக்கிலிட்டார்கள். இந்த ரத்தத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும் சர்வதேச அமைப்புகள் மனிதகுலத்துக்கே வெட்கக்கேடு என்று எழுதினார். டிசம்பர் 17 அன்று கைது. எவின் சிறை. சக கலைஞர்கள் சிறை வாசலில் கூடினார்கள், கான் விழாவிலிருந்தும் கண்டனம் வந்தது. பதினெட்டு நாள் கழித்து, 2023 ஜனவரி 4 அன்று ஜாமீனில் வெளியே வந்தார். அன்று எடுத்த படங்களில் நண்பர்கள் சூழக் கையில் பூக்கள், தலையில் முக்காடு இல்லை.

வெளிநாட்டுக்குப் போய்விட வேண்டியதுதானே?

கைதாவதற்குச் சில வாரம் முன்பு இதற்கு அவரே பதில் எழுதினார். வேறு நாட்டுக் கடவுச்சீட்டோ குடியுரிமையோ தன்னிடம் இல்லை, போகும் எண்ணமும் இல்லை, இங்கேயே இருப்பேன். வேலையை நிறுத்திக்கொள்கிறேன். சிறைப்பட்டவர்கள், கொல்லப்பட்டவர்கள் குடும்பங்களோடு நிற்பேன். சாரம் இவ்வளவுதான்.

போனவர்களைக் குறை சொல்ல இதை எடுத்துக்காட்டாகப் பிடிக்க வேண்டாம். கோல்ஷிஃப்தேவுக்கு இருந்த வழிகள் வேறு. "வேலையை நிறுத்திக்கொள்கிறேன்" என்ற சொல்தான் என்னை நிறுத்தியது. முப்பத்தெட்டு வயதில், லைலா போன்ற ஒரு பாத்திரம் கிடைத்த அதே ஆண்டில், ஒரு நடிகை அதைச் சொன்னார்.

எந்தப் படத்திலிருந்து தொடங்கலாம்?

'சஹார்ஷம்பே சூரி'. ஒரே நாளில் நடக்கிற கதை, சிரிக்கவும் இடமுண்டு. அடுத்து 'அபௌட் எல்லி', பிறகு 'தி சேல்ஸ்மேன்'. 'லைலாவின் சகோதரர்கள்' இரண்டே முக்கால் மணி நேரம், அதைக் கடைசியில் வையுங்கள்.

ஒரே ஒரு காட்சிதான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால்?

'அபௌட் எல்லி'யில் பட்டம் விடும் காட்சி. காஸ்பியன் கடற்கரை வீட்டுக்கு நண்பர்களோடு வந்திருக்கிறாள் எல்லி, மழலையர் பள்ளி ஆசிரியை. ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று காலையிலிருந்து சொல்கிறாள், யாரும் விடுவதாயில்லை. கரையில் விளையாடும் குழந்தைகளைக் கொஞ்சம் பார்த்துக்கொள் என்று பொறுப்பு வேறு. ஒரு குழந்தையின் பட்டம் சிக்கிக்கொண்டதால் எடுத்து விடுகிறாள். பட்டம் ஏறுகிறது. கேமரா மேலே பார்ப்பதில்லை, அவள் முகத்தோடு மட்டுமே ஓடுகிறது. அதுவரை சங்கடமாகப் புன்னகைத்தவள் வாய்விட்டுச் சிரிக்கிறாள். கயிற்றை இழுக்கிறாள், விடுகிறாள், இன்னும் ஓடுகிறாள். பிறகு, நான் போக வேண்டும் என்கிறாள். அதன் பிறகு படத்தில் அவளை நாம் உயிரோடு பார்ப்பதில்லை.